வெளிக்கு

ஹுட்வில் பக்கத்துப் பண்ணையிலிருந்து
அட்டைப்பெட்டியில் வந்தது நாய்க்குட்டி. எட்டு வாரம்.
நிறத்தைப் பார்த்து
சுக்கு என்று பெயர் வைத்தாள் நிலானி.
முதல் நாளே
குசினியில் ஒன்று, விறாந்தையில் இரண்டு,
என் வேலைச் சப்பாத்துக்குள் ஒன்று.

அதட்டக் கூடாதாம்.
மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பதெல்லாம்
பழைய மூடத்தனமாம்.
நித்திரையால் எழும்பினால் வெளியே,
தின்றால் வெளியே, விளையாடினால் வெளியே.
தரையை மணந்து வட்டம் போட்டால்
தூக்கிக்கொண்டு ஓடு.
போகும்போது ஒரு சொல் சொல்ல வேண்டும்,
எப்போதும் அதே சொல்.

எந்தச் சொல் என்பதில் வீடு இரண்டுபட்டது.
ஊர் நாய்க்கு ஊர்ப்பேச்சு என்றாள் மகள்.
மனைவிக்கு வாயில் வந்த எதையும்
வளவில் நின்று உரக்கச் சொல்ல முடியாது.
இரவு இரண்டு மணி, சாரத்துக்கு மேல் குளிரங்கி,
கையில் நான்கு கிலோ நடுக்கம்.
தானாக வந்தது:
வெளிக்கு.
வெளிக்குப் போ, ராசா, வெளிக்குப் போ.

போனது.
இடத்தையும் காரியத்தையும்
ஒரே சொல்லில் கட்டி வைத்த மொழியை
அன்றுதான் மெச்சினேன்,
பீ அள்ளும் பையை விரல்களில் மாட்டியபடி.

பிறகு வேலி.
லாங்கென்தாலில் இரண்டு கடை, ஊருக்கு வெளியே ஒன்று.
மரச்சட்டம் அழகுதான்; இடைவெளியில்
நிலானியின் முஷ்டி போய் வந்தது.
கடைக்காரப் பையன்
மாட்டுக்குக் கட்டும் முள்கம்பிச் சுருளைக் காட்டினான். மலிவு.
மனைவி பூந்தொட்டிகள் பக்கம் போய்விட்டாள்.
நானும் விலை கேட்கவில்லை.
கழுத்துப்பட்டியில் மின்சாரம் பாய்ச்சும்
கண்ணுக்குத் தெரியாத வேலி
இந்த நாட்டில் சட்டப்படி கூடாது.
நல்லது.
தெரியாத இடத்தில் எல்லை போட்டுவிட்டு
மிதித்த பின் அடிப்பது
நாய்க்குமா?

கடைசியில் கம்பிவலை. இடுப்பு உயரம்,
அடியில் ஒரு சாண் மண்ணுக்குள்.
தோண்டும். முழங்கால் வரை சேறான
அந்த முன்கால்களைப் பார்த்தாலே தெரியும்.

வேலி முடிந்த மாலை
பக்கத்து வீட்டுத் திருமதி ஏஷ்லிமன்
அடிமட்டத்தோடு வந்தார்.
முள்ளெலிக்கு வழி வேண்டும்.
பதின்மூன்று சென்றிமீற்றர், சதுரமாக.
எங்கள் பெயர் கேட்கவில்லை, நாயின் பெயரும்.
பன்னிரண்டு வருடமாக இந்த வழியால் போகிறது என்றார்,
சீசன் ரிக்கெற் வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்வதுபோல.

சுக்கின் தலையை அளந்தேன்.
பதினொன்று.

வலையை வெட்டி, ஓட்டையில் ஒரு செங்கல் வைத்தேன்.
இரவு இரண்டுக்கு, சுக்கு போய் வந்த பின்
செங்கல்லை எடுப்பேன். ஆறுக்கு மறுபடி வைப்பேன்.
முப்பது வருடம் ஷிஃப்ட் செய்தவனுக்கு
இன்னொரு ஷிஃப்ட்.
முள்ளெலியை ஒருநாளும் காணவில்லை.

மே நடுவில் ஓர் இரவு
சுக்கு எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.
ஆறரைக்குத் திடுக்கிட்டு
கடுதாசி விரித்த மூலைக்கு ஓடினேன்.
காய்ந்த கடுதாசி. முந்தாநாள் வானிலையை
முழுதாக வாசிக்க முடிந்தது.
கத்திக் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினேன்.
பிறகுதான் செங்கல் நினைவு வந்தது.

ஓட்டையில் இல்லை.
அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்தெடுத்து
விளிம்பு சரிபார்த்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.
ஈரப்புல்லில் வீட்டுச் செருப்பின் தடம்,
ஏஷ்லிமன் வீட்டுக் கதவு வரை.

அப்படியென்றால் இத்தனை வாரமும்
இருட்டில் குந்தியிருந்து
நான் கெஞ்சியது, கொஞ்சியது,
ஒருமுறை கோபத்தில் சொன்னது,
எல்லாம்.

இப்போது தலை பதினான்கரை.
செங்கல் தண்ணீர்க்குழாயடியில் பாசி பிடிக்கிறது.
போன ஞாயிறு கதவு திறந்தே கிடந்தது.
படியில் நின்று
உள்ளே பார்த்தது சுக்கு, வெளியே பார்த்தது.
எனக்குக் கதிரையை விட்டு எழும்பப் பஞ்சி.
வேலிக்கு அப்பால்
தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றியபடி,
திரும்பாமலே,
ள வராமல் அவர் சொன்னார்:

வெலிக்கு.

நாய் போனது.